ஐந்தெழுத்து மந்திரம்

தலைப்பைக் கண்டவுடன், சைவப் பற்றுள்ள நேயர்கள் சிலர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பஞ்சாக்ஷர மகிமையைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறோம் என்று சிரத்தையுடன் நிமிர்ந்து உட்காரக்கூடும். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். நாம் சொல்ல வந்தது இங்கிலீஷ் ஐந்தெழுத்தைப் பற்றி.

இந்தத் தவறு நம் வீட்டிலேயே நேர்ந்ததுதான். பன்னிரண்டு வயதான நம் பேத்தி தினந்தோறும் பல் விளக்கியதும், "தாத்தா! இன்றைக்கு ஐந்தெழுத்து ஆயிற்றா?" என்று கேட்பது வழக்கம். அடுப்பங்கரையிலிருந்து இதைக் கேட்டு வந்த நம் இல்லாள், இந்தக் காலத்துப் பெண்ணுக்கு இவ்வளவு பக்தியா என்று ஒரு மாத காலம் பூரித்துப் போயிருந்தாள். அண்டை வீட்டு அம்மாளிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டாள். ஒரு நாள் பேத்தி, "ஐந்தெழுத்தில் இரண்டாவது 'ஆர்', கடைசி 'ஈ', நடுவில் என்னவோ தெரியவில்லையே!" என்று உரக்க யோசித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

"நமசிவாயத்தில் ஆர் ஏதடி, கண்ணு?" என்று கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்து விட்டாள் பாட்டி.

விளையாட்டு இன்னதென்று விளக்க வேண்டியதாயிற்று. நேயர்களில் பலர் அறிந்ததே என்றாலும், அறியாத சிலருக்காகச் சொல்லுகிறோம். ஐந்தெழுத்துள்ள இங்கிலீஷ் வார்த்தை ஒன்று மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆறே வாய்ப்புகள். நாம் ஒரு வார்த்தையைச் சொன்னால், சரியான இடத்தில் அமைந்த எழுத்து பச்சை நிறம் பெறும். வார்த்தையில் உண்டு, ஆனால் இடம் தவறு என்றால் மஞ்சள். அறவே இல்லையென்றால் சாம்பல். நமக்கோ சாம்பல்தான் அதிகம் கிடைக்கும். விபூதி என்று எண்ணிச் சமாதானம் அடைவோம்.

'வேர்டில்' என்ற இந்த விளையாட்டை ஜோஷ் வார்டில் என்பவர் தம் துணைவியார் பாலக் ஷாவின் பொழுதுபோக்குக்காக உண்டாக்கினார். இங்கிலீஷில் ஐந்தெழுத்து வார்த்தைகள் ஏறக்குறைய 12,000 இருப்பதாகக் கண்டு, அவற்றில் சாதாரண ஜனங்களுக்குத் தெரியக்கூடிய 2,500 வார்த்தைகளை அந்த அம்மையார் பொறுக்கிக் கொடுத்தாராம். 1921-இல் அன்று, 2021 நவம்பர் முதல் தேதியில் இதை ஆடியவர்கள் தொண்ணூறு பேர். இரண்டே மாதத்தில் மூன்று லட்சம் பேர். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை விலைக்கு வாங்கி விட்டது.

ஆயினும் இது முற்றிலும் புதிய சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1955-லேயே அமெரிக்காவில் 'ஜாட்டோ' என்ற பெயரில், காகிதமும் பென்ஸிலும் கொண்டு ஐந்தெழுத்து வார்த்தைகளை ஒளித்துக் கண்டுபிடித்து விளையாடினார்கள். அதற்கும் முன்னால், ஆலிஸின் கதையை எழுதிய லூயிஸ் காரல், 1879-இல் ஒரு லண்டன் பத்திரிகையில் இன்னொரு வேடிக்கையை ஆரம்பித்து வைத்தார். ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதும் அது அர்த்தமுள்ள வார்த்தையாக இருக்க வேண்டும். நீளம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இப்படித் தலை என்று பொருள்படும் 'ஹெட்', 'ஹீல்', 'டீல்', 'டெல்', 'டால்' என்று மாறி, ஐந்தாவது மாற்றத்தில் வால் என்று பொருள்படும் 'டெயில்' ஆகிவிடும். ஆக்ஸ்போர்டில் கணிதம் போதித்த மனிதர் அல்லவா? கணக்கும் எழுத்தும் அவருக்கு ஒன்றாகவே பட்டிருக்கின்றன.

விளையாட ஆரம்பித்த பிறகுதான் இங்கிலீஷ் எழுத்துக்களின் குணாகுணங்கள் நமக்குத் தெரிய வந்தன. 'ஈ' என்ற எழுத்து கல்யாண வீட்டு உறவினரைப் போல் எங்கு பார்த்தாலும் நிற்கும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் உத்தியோகம் இழந்த ஆல்பிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். அவர் உண்டாக்கிய விளையாட்டே பிற்பாடு 'ஸ்கிராபிள்' என்று பிரசித்தி பெற்றது. அதிலுள்ள நூறு சில்லுகளில் 'ஈ'க்குப் பன்னிரண்டு. 'க்யூ'வுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் 'யூ'வின் கையைப் பிடித்துக்கொள்ளாமல் வெளியே புறப்படுவது வெகு அபூர்வம்.

உயிரெழுத்து இல்லாமல் வார்த்தை உண்டோ என்று கேட்டால், உண்டு. 'நிம்ஃப்', 'கிரிப்ட்' போன்ற ஐந்தெழுத்து வார்த்தைகளில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்துமே கிடையா. 'ஒய்' என்ற எழுத்து பிரதிநிதியாக வந்து காரியத்தை நடத்திவிடும். மாறாக, வரிசை என்று பொருள்படும் 'க்யூ' என்ற வார்த்தைக்கு ஐந்தெழுத்து. ஒலிப்பதோ முதல் எழுத்து மட்டுமே. ரேஷன் கடை வாசலில் முதல் ஆளுக்குச் சர்க்கரை கிடைத்து, பின்னால் நின்ற நால்வரும் வெறும் பையுடன் திரும்பியதற்கு இது ஒப்பாகும்.

பேத்தி இவற்றையெல்லாம் கண்டு கைகொட்டிச் சிரிக்கிறாள். தப்பாகச் சொன்னால் சாம்பல் நிறம் வருகிறது. அடுத்த வார்த்தையைச் சொல்லுகிறாள். அவ்வளவுதான். அவளுடைய அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நாம் ஸ்பெல்லிங் கற்ற நாளில் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

* * *

அறுபது வருஷங்களுக்கு முன்பு, ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் உபாத்தியாயர் வார்த்தைகளைச் சொல்லச் சொல்ல நாங்கள் பலகையில் எழுத வேண்டும். ஒரு தப்புக்கு ஒரு பிரம்படி. கௌரவம் என்று பொருள்படும் 'ஹானர்' என்ற வார்த்தையில் 'யூ' ஒன்றை விட்டுவிட்டதற்காக நம் கௌரவம் அன்று பெஞ்சு மேல் ஏறி நின்றது.

நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு நெசவாளரின் மகன். கணக்கில் புலி. ஒரு சேலைப் பாவுக்கு எத்தனை இழை ஓடும் என்பதை விரல் மடக்காமலே சொல்லிவிடுவான். ஒரு நாள் உபாத்தியாயர், சந்தேகம் என்று பொருள்படும் 'டவுட்' என்ற வார்த்தையைச் சொன்னார். அதன் சரியான எழுத்துக்கள் டி, ஓ, யூ, பி, டி. முதல் 'டி' வேறு, கடைசி 'டி' வேறு. நம் லிபியில் இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நண்பன் 'பி'யை விட்டுவிட்டு எழுதினான். எழுதியதோடு நில்லாமல், "ஸார்! வாயில் வராத 'பி' கையில் மட்டும் ஏன் வர வேண்டும்?" என்று கேட்டும் விட்டான்.

"சந்தேகம் என்ற வார்த்தையிலேயே சந்தேகமா?" என்றார் உபாத்தியாயர். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். பிறகு பிரம்பு விழுந்த சத்தம் கேட்டது. எத்தனை அடி என்று நாம் எண்ணவில்லை, அவன் எண்ணியிருப்பான்.

அந்த வருஷம் இங்கிலீஷில் தேறாமல் அவன் படிப்பை நிறுத்தினான். வீட்டின் வறுமையும் ஒரு காரணந்தான். ஆனால் அவன் தகப்பனாரிடம் சொன்ன காரணம், "எனக்கு இங்கிலீஷ் வராது" என்பதே. அவன் தறியில் உட்கார்ந்தான். ஒன்றையும் கேளாமல் எல்லாவற்றையும் உருப் போட்ட நாம் மேலே மேலே பாஸ் செய்து, சர்க்கார் நாற்காலி ஒன்றில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தோம்.

இந்த ஐந்தெழுத்து வியாபாரத்தில் இறங்கிய பிறகு, அந்த 'பி'யின் பூர்வோத்தரத்தை அறிய வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. தேடிப் பார்த்ததில் தெரிந்த விஷயம் நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. ஆங்கில மகாகவி சாஸர் 1400-இல் காலமானார். அவர் காலத்தில் அந்த வார்த்தைக்கு 'பி' கிடையாது. பிரெஞ்சிலிருந்து அது இங்கிலாந்துக்கு வந்தபோதே 'பி' இல்லாமல்தான் வந்தது. பின்னாளில் லத்தீன் படித்த பண்டிதர்கள், மூல வார்த்தையான 'டுபிடாரே'யில் 'பி' இருப்பதைக் கண்டு, அந்த நினைவுக்காக ஓர் எழுத்தைச் செருகி வைத்தார்கள். கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற வார்த்தையிலும் இப்படியே ஒரு 'பி'யை ஏற்றினார்கள். பேசுகிற ஜனங்கள் அதை ஒருநாளும் ஒலிக்கவில்லை.

ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' என்ற நாடகம் 1598-இல் அச்சாயிற்று. அதில் ஹாலபர்னீஸ் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருகிறார். இதே இரண்டு வார்த்தைகளில் ஜனங்கள் 'பி'யை விழுங்கிவிடுகிறார்களே என்று அவர் பொருமுகிறார். மகாகவி அந்த வாத்தியாரைக் கொட்டகை முழுவதும் சிரிக்கும்படி படைத்திருக்கிறார். நம் வகுப்பிலும் சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமோ, அவரைப் பார்த்து அல்ல.

* * *

நமக்கு விழுந்த பெஞ்சுத் தண்டனையின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1776-இல் இங்கிலாந்தின் ஆட்சியை உதறிய அமெரிக்கர்களில் நோவா வெப்ஸ்டர் என்று ஒரு தேசபக்தர் இருந்தார். அரசாங்கம் சுதந்திரமானால் போதாது, எழுத்தும் சுதந்திரமாக வேண்டும் என்பது அவர் கட்சி. 'ஹானர்', 'கலர்', 'ஹ்யூமர்' ஆகிய வார்த்தைகளிலிருந்து ஒலிக்காத 'யூ'வை எடுத்துவிட்டு, 1828-இல் தம் பெரிய அகராதியை வெளியிட்டார். நாவைக் குறிக்கும் 'டங்' என்ற வார்த்தையையும் சுருக்கிப் பார்த்தார்; அது மட்டும் ஜனங்களிடம் செல்லவில்லை. ஆனால் 'யூ' போனது போனதுதான். இங்கிலாந்தில் ஆறெழுத்தாக இருந்தவை அமெரிக்காவில் ஐந்தெழுத்தாயின.

2022 பிப்ரவரியில் ஒரு நாள் வேர்டிலின் மறைவு வார்த்தையாக 'ஹ்யூமர்' ஐந்தெழுத்தில் வந்தது. இங்கிலாந்து ஆட்டக்காரர் பலர் கொதித்தார்கள். அவர்களுடைய சொந்த பாஷையில் அவர்களுக்கே சாம்பல் நிறம்! நாம் அன்று காலை இரண்டு இட்டிலி அதிகமாகச் சாப்பிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். வெப்ஸ்டருடைய தேசத்தில் பிறந்திருந்தால் நாம் பெஞ்சு மேல் ஏறியிருக்க வேண்டியதில்லை. நாம் செய்தது தப்பு அன்று. சமுத்திரத்தின் எந்தக் கரையில் செய்தோம் என்பதே தப்பு.

இந்த ஆனந்தத்தில் இல்லாளிடம் ஒரு பிரசங்கம் செய்தோம். "நம் தமிழைப் பார்! சொல்லுவதை எழுதுகிறோம், எழுதியதைச் சொல்லுகிறோம். ஒளிந்து நிற்கும் எழுத்து ஒன்று உண்டா? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247" என்று அடுக்கினோம். எழுத்து விளையாட்டிலும் நாம் பின்தங்கியவர்கள் அல்லர் என்று, 12-ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் கூறும் 'எழுத்து வருத்தனம்' என்ற சித்திரக் கவியைப் பேத்திக்கு விளக்கினோம். 'கம்' என்றால் தலை. முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தால் 'நகம்', அதாவது மலை. இன்னும் ஒன்று சேர்த்தால் 'கநகம்', அதாவது பொன். மேலும் ஒன்று சேர்த்தால் 'கோகநகம்', அதாவது தாமரை. பேத்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "தாத்தா! தாமரையும் ஐந்தெழுத்து!" என்று கூவினாள்.

இல்லாள் மட்டும் அசையவில்லை. "அதெல்லாம் சரிதான். போன வாரம் குழந்தை பறவைக்குச் சின்ன 'ர' போட்டாள் என்று நீங்கள் என்ன கத்துக் கத்தினீர்கள்?" என்றாள்.

"பரவை என்றால் கடல். அர்த்தமே மாறிவிடுகிறதே!" என்றோம்.

"மாறட்டும். அதைக் கத்தாமல் சொல்லக்கூடாதா?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. பிரம்பை இங்கிலீஷ்காரன் மேல் மட்டும் சாட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. லகர, ளகர, ழகரங்களுக்காக நம் தமிழ் வகுப்புகளில் எத்தனை பிள்ளைகளின் உள்ளங்கை சிவந்திருக்கிறது!

அன்று முதல் இல்லாளும் ஆட்டத்தில் சேர்ந்தாள். பஸ்ஸின் பெயர்ப் பலகையிலும் மருந்துப் புட்டியிலும் கற்ற இங்கிலீஷ்தான் அவளுடையது. ஒரு மாலை மின்சாரம் போயிருந்தபோது, பேத்தி காகிதத்தில் ஒரு வார்த்தையை ஒளித்தாள். முதலில் 'ஸி', அடுத்து 'யூ', கடைசியில் 'ஒய்' என்பது வரையில் தெரிந்தது. நடுவில் இரண்டு எழுத்து; இரண்டும் ஒன்றே. நாம் விழித்தோம். "பாட்டி தினமும் அடுப்பில் வைப்பதுதான்" என்று பேத்தி குறிப்புக் கொடுத்தாள்.

"கறியா?" என்றாள் பாட்டி.

கறியேதான். 'கரி' என்று இங்கிலீஷில் ஐந்தெழுத்து. "நம் வீட்டில் இரண்டே எழுத்து. அவர்கள் ஐந்தாக்கி இருக்கிறார்களே! தண்ணீர் விட்டுப் பெருக்கினார்களோ?" என்றாள் இல்லாள். விடவில்லை. நம் சுருட்டு நான்கெழுத்து. 'செரூட்' ஆகி ஏழெழுத்தாயிற்று. கட்டுமரம் ஆறெழுத்து, 'காட்டமரான்' ஆகி ஒன்பது. மிளகுத்தண்ணீர் எட்டெழுத்து, 'மல்லிகட்டானி' ஆகிப் பன்னிரண்டு. அணைக்கட்டு ஒன்றுதான் 'அனிகட்' ஆன பின்னும் ஆறெழுத்தாகவே உறுதியாக நிற்கிறது, அணையல்லவா? நாம் பயந்து பயந்து உருப் போட்ட அந்த அகராதிக்குள் நம் அடுப்பங்கரையும் கடற்கரையும் முன்னமே குடியேறி இருந்தன. இதை எட்டாம் வகுப்பில் எவரேனும் சொல்லியிருந்தால், அந்தப் பாஷை அவ்வளவு அந்நியமாகத் தோன்றியிராது.

* * *

சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் சென்றோம். நண்பன் அங்கேதான் இருக்கிறான். 'பி'யின் கதையை அவனிடம் சொல்லவேண்டும் என்று மனம் துடித்துக்கொண்டிருந்தது. சேலைகள் வரும் வரையில் பேத்தி சும்மா இராமல் ஐந்தெழுத்துக் காகிதத்தை எடுத்தாள். "இது என்னம்மா?" என்று கேட்டு அவன் இரண்டு நிமிஷத்தில் ஆட்டத்தைப் புரிந்துகொண்டான். "நான் ஒன்று எழுதி வைக்கிறேன். நீயும் உன் தாத்தாவும் சேர்ந்து கண்டுபிடியுங்கள்" என்று மூலையில் திரும்பி எழுதி, காகிதத்தை மடியில் செருகிக்கொண்டான்.

முதல் இரண்டு வார்த்தைகள் வீண். மூன்றாவதாக 'கவுண்ட்' என்றோம். இரண்டாவது, மூன்றாவது, கடைசி எழுத்துக்கள் சரி என்றான். அடுத்து 'கோர்ட்' என்றோம். மறுபடியும் அதே மூன்றுதான். கோர்ட்டுக்கு மேல் நமக்குப் போக்கிடம் தோன்றவில்லை. பேத்திதான் சற்று யோசித்து, "டவுட்!" என்றாள்.

அவன் காகிதத்தை எடுத்து விரித்தான். டி, ஓ, யூ, பி, டி. 'பி' மட்டும் மற்ற எழுத்துக்களைவிட அழுத்தமாக எழுதப்பட்டிருந்தது.

"இந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் மறக்கவே இல்லை" என்றான்.

அதன் பிறகு நாம் சாஸரையும், லத்தீன் பண்டிதர்களையும், ஷேக்ஸ்பியரின் வாத்தியாரையும் பற்றிச் சொன்னோம். கடைசி வரையில் குறுக்கிடாமல் கேட்டான். "அப்படியானால் அன்று நான் எழுதியது சரிதானா?" என்றான்.

"இருநூறு வருஷம் முன்னால் பிறந்திருந்தால் என்று சொல்லக்கூட முடியாது; அறுநூறு வருஷம் முன்னால் என்றால் முழுக்கச் சரி" என்றோம்.

சிரித்தான். சிறிது நேரம் தறியின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம் வாத்தியாருக்கு இது தெரிந்திருக்குமோ?" என்று கேட்டான். தெரிந்திராது என்றோம். "பாவம்! அவருக்கும் யாரோ அடித்துத்தானே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்" என்றான்.

பிறகு பேத்தியிடம் திரும்பி, "அடுத்தது நீ எழுதம்மா. நான் கண்டுபிடிக்கிறேன்" என்று காகிதத்தை நீட்டினான்.